ரிலீவ் பண்ணியவர்

நெய்வேலி டவுன்ஷிப்பில் குழந்தைகள் முதலில் பேசக் கற்றுக்கொள்வது ‘ஷிப்ட்’ என்ற சொல்லைத்தான் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எங்கள் வீட்டில் அது ‘ரிலீவ்’. நான் டூட்டி முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் மனைவி கைக்குழந்தையை நீட்டி, “கொஞ்சம் ரிலீவ் பண்ணுங்க, குளிச்சிட்டு வந்துடறேன்” என்பாள். சீட்டாட்டத்தில் ஒருவன் எழுந்து வெளியே போனால் அவன் சீட்டைப் பிடிக்கிறவன் ரிலீவர். முதுகுவலிக்குத் தைலம் தடவினால் ரிலீஃப். பம்ப் ஹவுஸில் அழுத்தம் ஏறினால் திறந்துகொள்வது ரிலீஃப் வால்வு. புயல் வந்தால் கடலூர்ப் பக்கம் போகிற அரிசி லாரிக்கு ரிலீஃப் லாரி என்று பெயர். மாற்றலாகிப் போகிறவர் கையில் ரிலீவிங் ஆர்டர் இருக்க வேண்டும். நெடுநாள் படுக்கையில் கிடந்த ஒருவர் இறந்துபோனால், “நேத்து ரிலீவ் ஆயிட்டாரு” என்று எங்கள் பிளாக்கில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அதில் கிண்டல் கிடையாது. அவர் டூட்டியை ஒழுங்காகப் பார்த்து முடித்தார் என்ற மரியாதைதான் இருக்கும்.

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் என்னோடு வேலை பார்த்த மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். சுரங்கத்தில் இப்போது முகத்தைக் காட்டினால் மிஷின் வருகையைப் பதிந்துகொள்கிறதாம். ஷிப்ட் மாறும்போது கையெழுத்துப் போடுகிற ரிலீஃப் நோட்டை எடுத்துவிட்டார்களாம். “அந்த நோட்டைப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே, சங்கத்து ஆண்டு மலர்ல போடலாம்” என்றார்கள். சரி என்றேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்த நோட்டில் ஒரு நாள் நான் விட்டுவைத்த பொய்யைத் தாண்டி என்னால் ஒரு வரியும் எழுத முடியாது என்று தெரிந்தது. மலருக்கு இது ஏற்றதா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு போகிற பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை என்றார்கள். ஐடிஐ முடித்திருந்ததால் அந்த வேலை எனக்கு வந்தது. ஏர் பிடித்து எங்களையெல்லாம் ஆளாக்கிய என் அண்ணன் தங்கராசுவுக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை என்று ஆனது. பயிற்சிக் காலம் ஒரு வருடம், கிரீஸும் மண்ணுமாக ஓடிப்போனது. பிறகு கன்வேயர் பெல்ட்டில் டிரைவ் ஹெட் ஆபரேட்டர் ஆனேன். லிக்னைட்டுக்கு மேலே கிடக்கும் மண்ணை ராட்சதச் சக்கர இயந்திரம் பக்கெட் பக்கெட்டாக வெட்டி பெல்ட்டில் கொட்டும். அந்த பெல்ட் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அதை இழுக்கிற மோட்டார்கள் இருக்கும் இடம்தான் டிரைவ் ஹெட். அதன் மேல் ஒரு தகரக் கேபின், ஒரு நாற்காலி, ஒரு போன். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் பாயிண்ட். ரிலீவர் வராமல் பாயிண்ட்டை விட்டு யாரும் இறங்கக் கூடாது.

அதை எனக்கு ஊட்டியவர் ஷிப்ட் இன்ஜினியர் சுந்தரேசன் சார். ஒல்லியான மனிதர், சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. மண் அள்ளுகிற கான்ட்ராக்ட் ஆட்களையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ரிலீஃப் விஷயத்தில் அவரிடம் சமாதானம் செல்லாது. எங்கள் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வருகிற ஷிப்ட் வண்டியும் போகிற வண்டியும் சுரங்கப் பாதையில் எதிரெதிரே வரும்போது, ஜன்னல் வழியாகவே, “எல்லாம் நல்லாருக்கு மாமா” என்று ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பாயிண்ட் கால் மணி நேரம் ஆளில்லாமல் ஓடும். சுந்தரேசன் சார் அதை ஒரு முறை பார்த்துவிட்டார். இரண்டு வண்டியையும் நிறுத்தி, அந்த இரண்டு பேரையும் இறக்கி, அவர்களோடு பாயிண்ட் வரைக்கும் தானும் நடந்தே போனார். வழியில் ஒரு வார்த்தை திட்டவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த முறை இது. இறங்குகிறவரும் ஏறுகிறவரும் சேர்ந்து டிரைவ் ஹெட்டைச் சுற்றி வர வேண்டும். கியர் பாக்ஸ் மேல் இரண்டு பேரும் கை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். மோட்டார் பக்கம் நின்று மூக்கை உறிஞ்ச வேண்டும், ரப்பர் கருகினால் கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத் தெரியும். பெல்ட் ஓரத்தோடு போகிற அவசரக் கயிறு தொய்ந்திருக்கிறதா என்று இழுக்காமல் தொட்டுப் பார்க்க வேண்டும். மேலிருந்து மண் வழிந்து விழுகிற இரும்புச் சரிவை, எங்கள் பேச்சில் ‘சூட்’, எட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் இறங்குகிறவர் அன்றைய கோளாறுகளைச் சொல்ல, ஏறுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “தெரியும்னு சொல்லாதீங்க. பாத்துட்டேன்னு சொல்லுங்க” என்பார். கடைசியாக நோட்டில் ‘ரிலீவ் பண்ணியவர்’ என்ற கட்டத்தில் வந்தவர் கையெழுத்து. அது விழுகிற வரைக்கும் நாற்காலி பழைய ஆளுடையது. சாரே ரவுண்ட்ஸ் வந்தாலும் அந்த நாற்காலியில் உட்கார மாட்டார்.

அந்தக் கட்டத்தில் கையெழுத்துப் போட பெர்மனன்ட் ஆளுக்குத்தான் உரிமை. இதைச் சொல்லும்போது கலியமூர்த்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெல்ட்டில் இருந்து சிந்துகிற மண்ணை மண்வெட்டியால் வாரிப் போடுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி. என் பாயிண்ட்டுக்குக் கீழேயே வருடக்கணக்காக இருந்தவர். அவருடைய அப்பா எங்கள் வயலில் வேலை செய்தவர். அந்த வயல் போனபோது எங்கள் வீட்டுக்கு வேலை கிடைத்தது. அதில் வேலை செய்தவர் வீட்டுக்கு எதுவும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பேரில் நிலம் இல்லை. கலியமூர்த்தி என்னை விட இரண்டு வயது இளையவர். நேரில் ‘நீ, வா, போ’ என்றுதான் பேசுவேன். எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது, அப்படியே இருக்கட்டும். ரோலர் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்கிற ஆள் அவர். நானே பல தடவை அவரிடம் கேட்டுத்தான் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லியிருக்கிறேன். பெயர் எனக்கு வந்தது, அதைப் பற்றி அப்போதெல்லாம் நான் யோசித்ததே இல்லை.

அந்த நாளுக்கு வருகிறேன். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. ஒன்றேகால் மணிக்கு கண்ட்ரோல் ரூமில் இருந்து போன். என் அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்து பேசினாராம். அண்ணனுக்கு நெஞ்சுவலி, முடியாத நிலை, என்னைக் கேட்கிறார், உடனே வரச் சொல்லுங்கள் என்றாராம்.

அண்ணனும் நானும் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஒரு காதுகுத்து விசேஷத்தில், சாப்பாட்டுப் பந்தியில், “நீ கம்பெனி ஆளு, ஒனக்கு நெலம் போனா என்னா, இருந்தா என்னா” என்றார். நானும் ஏதோ சொன்னேன். இலையை மூடிவிட்டு எழுந்தவர் பிறகு என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நானும் போகவில்லை. அப்படிப்பட்டவர் என்னைக் கேட்கிறார் என்றால் அது சாகும் நேரம் என்று எனக்குப் புரிந்தது.

இரண்டு மணிக்கு ரிலீவர் வர வேண்டும். வரவில்லை. இரண்டு பத்துக்கு கண்ட்ரோல் ரூமில் கேட்டேன். “அவர் ஆப்சென்ட், நீங்க டபுள் பாருங்க” என்றார்கள். டபுள் என்றால் இரவு பத்து வரை அதே நாற்காலி. சுந்தரேசன் சாரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் லைனில் வந்தார்.

“சார், நான் போயாகணும்.”

“என்ன விஷயமுங்க?”

“சொந்த வேலை சார்.”

“ஆள் பாக்கறேங்க. பாயிண்ட்ட விட்டுடாதீங்க” என்றார்.

அண்ணன் சாகக் கிடக்கிறார் என்று ஏன் சொல்லவில்லை? இத்தனை வருடமாக இதைத்தான் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன். பதினோரு வருடம் அண்ணன் என்று சொல்லாத வாய்க்கு, அவசரத்துக்கு மட்டும் அந்த வார்த்தையை எடுக்கக் கூச்சமாக இருந்தது. உண்மை அவ்வளவுதான். வெட்கம் என்றும் சொல்லலாம்.

ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆட்களைத் திரும்ப ஏற்றிப் போகிற வண்டி கீழே வந்து ஹாரன் அடித்தது. அதை விட்டால் சுரங்கக் குழியில் இருந்து மேலே போக வேறு வழியில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு கலியமூர்த்தி படியேறி வந்தார். அவரிடம் மட்டும் சொன்னேன்.

“போங்கண்ணே. நான் பாத்துக்கறன்” என்றார்.

“ஒனக்குத் தெரியுமில்ல, மாட்டினா ரெண்டு பேருக்கும் ஆபத்து.”

“நம்ம தங்கராசண்ணன் கூப்புடறாரு, நீங்க இங்க நின்னுக்கினு பேசறீங்க. எறங்குங்க.”

நான் டிரைவ் ஹெட்டைச் சுற்றி வரவில்லை. கியர் பாக்ஸில் கை வைக்கவில்லை. எதையும் ஒப்படைக்காமல், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வண்டியில் ஏறினேன். ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். சுரங்கத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிட வேண்டும்.

நான் போன கொஞ்ச நேரத்தில், மண் வெட்டுகிற பக்கெட்டின் இரும்புப் பல் ஒன்று கழன்று மண்ணோடு பெல்ட்டில் வந்திருக்கிறது. அது மண் விழுகிற சூட்டின் வாயில் சொருகிக்கொண்டு நின்றால், ஓடுகிற பெல்ட்டைத் துணி கிழிப்பது போல நீளவாக்கில் கிழித்துக்கொண்டே போகும். எங்கள் தொழிலில் தீயை விட்டால் பெரிய பயம் அதுதான். சத்தம் மாறியதைக் கேட்டு கலியமூர்த்தி எட்டிப் பார்த்திருக்கிறார். பெல்ட்டின் நடுவில் ஒரு கோடு. ஓடிப்போய் அவசரக் கயிற்றை இழுத்துவிட்டார். நாற்பது ஐம்பது அடி கிழிசலோடு பெல்ட் நின்றது. அப்புறம் போனை எடுத்து, “பெல்ட்டு கிழியுது, நிறுத்திட்டன்” என்றிருக்கிறார்.

“யார் பேசறது?”

“பாயிண்ட்டுங்க” என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்நாள் முழுக்க உறுத்துவது. ஐந்து நிமிடத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. அதில் இருந்து சுந்தரேசன் சார் இறங்கினார். பெல்ட் நின்ற செய்தி கேட்டு வந்தவர் அல்ல அவர். வேறு ஆள் கிடைக்காததால், என்னை அனுப்பிவிட்டுத் தானே அந்த நாற்காலியில் உட்காரலாம் என்று முன்பே கிளம்பியிருந்தார். நான் கால் மணி நேரம் பொறுத்திருந்தால் முறைப்படி இறங்கி, அதே ஜீப்பில் போயிருக்கலாம்.

பாயிண்ட்டில் கலியமூர்த்தி மட்டும் நிற்கிறார். சார் கிழிசலைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார்.

“நீங்கதான் நிறுத்தினீங்களா?”

“ஆமாங்க சார்.”

“அவர் எங்கங்க?”

கலியமூர்த்தி சொல்லியிருக்கிறார். உண்மையை எழுதினால் பாயிண்ட்டை விட்டதற்கு எனக்கு சஸ்பென்ஷன். அனுமதி இல்லாமல் பாயிண்ட்டில் ஏறியதற்கு கலியமூர்த்தியின் கேட் பாஸ் ரத்து, மறுநாளே அவர் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். “என்ன எழுதட்டுமுங்க?” என்று அவரிடமே கேட்டாராம். “ஆபரேட்டர் அண்ணன் பேரயே எழுதிடுங்க சார். என் பேர எழுதினா ரெண்டு வூட்டுலயும் அடுப்பு எரியாது” என்றாராம் இவர். ஆபரேட்டர் கிழிசலைக் கவனித்து பெல்ட்டை நிறுத்தினார் என்று சார் எழுதினார். வேறு ஒருவர் வரும் வரை ரிலீவர் இல்லாத பாயிண்ட்டில் சாரே இருந்தார்.

அன்று சாயங்காலம் அண்ணன் போய்விட்டார். கருமாதி முடிந்து டூட்டிக்குப் போன முதல் நாள் சுந்தரேசன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். துக்கம் விசாரித்தார். பிறகு நடந்ததெல்லாம் சொன்னார். கலியமூர்த்தி ஏற்கெனவே எனக்குச் சொல்லியிருந்தார்.

“அண்ணன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க” என்றார்.

நான் நாற்காலியில் இருந்து எழப் பார்த்தேன்.

“என் சர்வீஸ்ல நான் எழுதின பொய் இது ஒண்ணுதாங்க. உங்களுக்காக எழுதல. அவர் கேட் பாஸுக்காக எழுதினேன்.” மேஜையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “நீங்க வேற மாதிரி எழுதிக் குடுக்கறதுன்னா குடுங்க. நான்தான் அவரை உக்கார வெச்சேன், அவர் மேல தப்பில்லன்னு எழுதுங்க. நான் அவருக்காகப் பேசறேன். அவசரமில்ல, யோசிச்சு எழுதுங்க.”

அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். யோசித்தேன், எழுதவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பு, குவார்ட்டர்ஸ், பிரமோஷன் எல்லாம் கண் முன்னால் வந்தன. அடுத்த வாரம் எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். அந்த வாரம் வரவே இல்லை. சாரும் அதைப் பற்றி ஒரு முறைகூடக் கேட்கவில்லை, முன்பு போலவேதான் பேசினார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பாதுகாப்பு வார விழாவில் பெல்ட்டைக் காப்பாற்றியதற்காக எனக்குப் பாராட்டுப் பத்திரமும் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியரும் கொடுத்தார்கள். கூட்டத்தின் பின்னால் கான்ட்ராக்ட் ஆட்களோடு நின்று கலியமூர்த்தியும் கை தட்டினார். அந்தக் கேரியரை நான் ஒரு நாளும் டூட்டிக்கு எடுத்துப் போகவில்லை. ஏன் என்று மனைவி கேட்டபோது, மூடி சரியில்லை என்றேன்.

சில வருடம் கழித்து, கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனன்ட் ஆக்கப் பட்டியல் எடுத்தார்கள். செய்த வேலைக்குச் சான்று இருந்தால் கொடுக்கலாம் என்றார்கள். கலியமூர்த்தியிடம் என்ன சான்று இருக்கும்? அவருடைய சான்று என் வீட்டு பீரோவில் என் பெயரில் இருந்தது. அது இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது, ஆனால் இல்லாததால் கிடைக்கவில்லை என்று அவர் நினைக்க உரிமை உண்டு. சுந்தரேசன் சார் அதற்குள் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போய்விட்டார். வாய் திறக்க வேண்டியவன் நான் ஒருவன்தான். திறக்கவில்லை. பட்டியல் ஒட்டிய அன்று கலியமூர்த்தி, “அடுத்த தபா பாக்கலாம்ண்ணே” என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் வேறு பெல்ட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்றபோது மாலை போட்டு, ரிலீவிங் ஆர்டரை உறையில் வைத்துக் கொடுத்து, காரில் வீடு வரை கொண்டுவந்து விட்டார்கள். இந்த வருடம் கலியமூர்த்திக்கு அறுபது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், “நாளைலேந்து வர வேணாம்” என்றாராம். அவ்வளவுதான். மலருக்கு எழுதக் கேட்டவர்களில் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அடுத்த நாள் காலையில் சேத்தியாத்தோப்பு பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் முறம் வைத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் நின்றுகொண்டே இருந்தார், நான் வற்புறுத்திய பிறகு தரையிலேயே பழையபடி உட்கார்ந்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அன்றைக்கு நடந்ததை நடந்தபடி, அவர் பெயர் போட்டு எழுதப் போகிறேன், இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும் என்றேன்.

“எழுதி இனிமே என்னாண்ணே ஆவப் போவுது” என்றார். கோபம் இல்லை, சலிப்பும் இல்லை. கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தார். “ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா இருந்தன். நீங்க வேற பெல்ட்டுக்குப் போய்ட்டீங்க. தப்பா நெனைக்கக் கூடாது.”

“கேளு.”

“அன்னிக்கிப் போனீங்களே, அண்ணன உசுரோட பாத்தீங்களா?”

நான் அவரிடம் சொல்லவே இல்லை. யாருக்காக அவர் அந்தப் பாயிண்ட்டில் நின்றாரோ, அது பலித்ததா இல்லையா என்றுகூட இத்தனை வருடத்தில் நான் சொல்லவில்லை. துக்கத்தில் இருந்தேன், அப்புறம் குற்ற உணர்வில் இருந்தேன். எல்லாமே என்னைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது.

“பாத்தேன்” என்றேன். “உசுரோட இருந்தாரு. மண்ணும் தூசியுமா ஹெல்மெட்டோட போய் நின்னேன். மூச்சு வாங்கிக்கிட்டு இருந்தாரு. என்ன ஏற எறங்கப் பாத்துட்டு, டூட்டி முடிஞ்சிதான்னு கேட்டாரு. முடியலண்ணே, வந்துட்டேன்னு சொன்னேன். அப்ப யாரு பாத்துக்கறான்னு கேட்டாரு. நம்ம கலியமூர்த்தின்னு சொன்னேன். அப்ப சரி, உக்காருன்னாரு. உக்காந்தேன். என் கையப் புடிச்சிக்கிட்டாரு. அதுக்கப்பறம் அவர் எதுவும் பேசல.”

கலியமூர்த்தி உரிப்பதை நிறுத்திவிட்டார்.

“என் பேரச் சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“அண்ணன் என்னா சொன்னாரு?”

“அப்ப சரி, உக்காருன்னாரு.”

அவர் முறத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து கதவோரம் நின்றார்.

“அண்ணன் சொல்றத இப்பிடி வந்து கேளு” என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “மொதல்லேந்து சொல்லுங்கண்ணே” என்றார்.

நான் மறுபடியும் முதலில் இருந்து சொன்னேன்.